கப்பல் காட்சிக்குப் பிடிச்ச மட்டை

பிள்ளையள், கையில வைச்சிருக்கிற அந்தப் படத்தெரிவுப் படிவத்தை முதல்ல மேசையில வையுங்கோ. புதுசாய் வேலைக்குச் சேந்த உங்களுக்கு அதை எப்பிடி நிரப்புறதெண்டு சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கினம். அதுக்கு நான் தேவையில்லை. இரத்தம் எத்தினை இடத்தில, சிகரெட் எத்தினை தரம், போத்தல் தெரியுதோ, முத்தம் இருக்குதோ, உடுப்பு எப்பிடி, தூசண வார்த்தை வருதோ. எண்ணத் தெரிஞ்ச ஆர் வேணுமெண்டாலும் நிரப்பலாம். நானே இருபத்தியாறு வருசம் நிரப்பினனான். அடியில 'சிறுவருக்கு உகந்தது' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான். அதில ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப்போறன்.

நான் வேலையால இளைப்பாறி மூண்டு வருசம். இளைப்பாறின ஆக்களைப் பேசவிட்டா தங்கட கெட்டித்தனத்தைத்தான் அளப்பினம். நீங்களும் அதுக்கு ஆயத்தமாய்த்தான் கதிரையில சாய்ஞ்சு இருக்கிறியள் போல. நிமிந்து இருங்கோ. என்னட்ட அப்பிடிச் சொல்ல ஒண்டும் இல்லை.

எங்கட கந்தோரில, சிறுவர் பராமரிப்புப் பிரிவில, பள்ளிக்கூட விடுமுறைக்கு விடுமுறை சிறுவர் படநாள் நடக்கும். சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் பிள்ளையளை பஸ்ஸில ஏத்தி, துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற மண்டபத்துக்குக் கொண்டுவந்து, ஒரு படம் காட்டி, சோத்துப் பார்சல் குடுத்து அனுப்புறது. எங்கட பிரிவுக்கு வாற பிள்ளையள் எப்பிடியான பிள்ளையள் எண்டு உங்களுக்கு இனித் தெரியவரும். தகப்பன் இல்லாதது, தாய் வெளிநாட்டில இருக்கிறது, பள்ளிக்கூடத்தை விட்டது, வீட்டில அடிவாங்கிறது. அதுகளுக்கு வருசத்தில ரெண்டு மூண்டு நாள் இருட்டுக்குள்ள குந்தியிருந்து வாய்விட்டுச் சிரிக்கிறதெண்டா பெரிய விசயம். அதனால படம் தெரிவு செய்யிறது சின்ன வேலை எண்டு ஒருத்தரும் நினைக்காதேங்கோ.

படத்தில கூடாத இடம் வந்தா வெட்டி எடுக்கிற வசதி எங்களிட்ட இல்லை. அகதி முகாமுகளில படம் போட்ட காலத்தில இருந்து வந்த வழக்கம் ஒண்டுதான் இருந்தது. ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில ஒரு ஆள் ஃபைல் மட்டையோட இருக்கும். அந்த இடம் வரேக்க மட்டையை வெளிச்சத்துக்கு முன்னால பிடிக்கும். திரை இருட்டாகும். இடம் கடந்தாப்பிறகு எடுக்கும். மட்டை பிடிக்கிறது எண்டு அதுக்குப் பேர். அந்த வேலையில நான் கெட்டிக்காரி. முகம் முகத்துக்குக் கிட்ட வர முன்னம் மட்டை போகும், பிரிஞ்ச கையோட மட்டை வரும். பிள்ளையள் கூ அடிப்பினம். பின்வரிசையில இருக்கிறதுகள் ஒண்டு, ரெண்டு எண்டு சத்தம்போட்டு எண்ணுங்கள். எனக்குச் சிரிப்பு வரும், ஆனா முகத்தை உர்ரெண்டு வைச்சுக்கொண்டு இருப்பன். அதில எனக்குப் பெருமையும் இருந்தது, ஏன் மறைப்பான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. படத்தைத் தெரிவு செய்யப் பார்க்கேக்க நாங்கள் சத்தம் வைச்சுப் பார்க்கிறேல்ல. சிரிக்காதேங்கோ, காரணம் இருக்கு. முந்தி ஒருக்கா கந்தோரில லப்டொப்பில சத்தத்தோட ஒரு சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தம். படத்தில குண்டு வெடிச்சது. பக்கத்து அறைக்கு முன்னால பிறப்புப் பத்திரம் எடுக்க நிண்ட சனத்தில அரைவாசி நிலத்தில குந்தினது, மிச்சம் படியால இறங்கி ஓடினது. ஒரு வயசாளி செருப்பையும் விட்டிட்டுப் போய், மத்தியானம் போல வெட்கத்தோட வந்து தேடினார். கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கிழி கிழியெண்டு கிழிச்சார். அண்டையில இருந்து சத்தத்தை மூடிப்போட்டு, கீழ ஓடுற ஆங்கில எழுத்தை வாசிச்சுத்தான் பார்த்தம். பிள்ளையளுக்குக் காட்டேக்க அதே படத்தைத் தமிழ்க் குரலோட போடுவம். படம் ஒண்டுதானே எண்ட நினைப்பு. கனகாலம் அதில ஒரு பிழையும் வரேல்ல, அல்லது வந்தது எங்களுக்குத் தெரியேல்ல.

பறக்கிற ஆக்கள், மந்திர சக்தி உள்ள ஆக்கள் வாற சண்டைப் படங்கள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. பிள்ளையள் உயிரை விடும். பெற்றார் பயப்படுவினம். பெரிய ஆக்கள் எல்லாரும் அடியைப் பற்றித்தான் யோசிப்பினம், நானும் அப்பிடித்தான் யோசிச்சனான். ஒருக்கா இரத்தம் ஒரு துளியும் இல்லாத பறக்கிற படம் ஒண்டு காட்டினம். அடுத்த கிழமை மூதூர்ப் பக்கத்தில ஒரு பிள்ளை தாயின்ர சீலையைக் கழுத்தில கட்டிக்கொண்டு கொய்யா மரத்தால குதிச்சு முழங்கையை உடைச்சுப்போட்டுது. ஆசுபத்திரிக்குப் போய் "பறந்தனியோ?" எண்டு கேட்டன். "கொஞ்ச நேரம்" எண்டு சொல்லிச்சுது. அதுக்குப் பிறகு படம் தொடங்க முன்னம் நான் ஏறி நிண்டு, உவையைக் கயித்தில கட்டித் தூக்கிறவை, ஒருத்தருக்கும் பறக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் படம் போடுவிக்கிறது. பிள்ளையளுக்கு அது பிடிக்காது. ஆனா கை உடையிறதைவிட அது பரவாயில்லை எண்டு நினைச்சனான். உடையிறது கை மட்டும்தான் எண்டு நினைச்சனான்.

இனி அந்தப் பிள்ளை. பேரை மாத்திச் சொல்லுறன், தர்ஷி எண்டு வையுங்கோ. சாம்பல்தீவு, ஒன்பது வயசு. தகப்பன் மீன்பிடிக்காரர். ஒரு நாள் விடிய வெளிக்கிட்டவர் திரும்பி வரேல்ல. ஆளும் இல்லை, போட்டும் இல்லை, எஞ்சினும் இல்லை, மிதந்து வந்த எண்ணெய்க் கான் ஒண்டுகூட இல்லை. ஊர்ச்சனம் எரிபொருள் போட்டுப் போட்டுத் தேடினது, பிறகு விட்டிட்டுது. உடம்பு கிடைக்காமல் செத்தவீடு செய்யிறது எப்பிடி? தாய் பொட்டை அழிக்கேல்ல. பிள்ளைக்கு, அப்பா தூரக் கடலுக்குப் போயிட்டார், வருவார் எண்டு சொல்லி வைச்சிருந்தா. பிள்ளை பள்ளிக்கூடம் போறதை விட்டிட்டுது. தகப்பன் கரைக்கு வாற நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒண்டு. வகுப்புக்குள்ள இருந்தா அப்பா வாறதைக் காண ஏலாது எண்டு சொல்லி, விடியப்போய்க் கரையில குந்தியிருப்பாள்.

நான் நாலு மாசம் கிழமைக்கு ஒருக்காப் போனனான். முதல்ல முகம் பாக்கவே மாட்டாள். பேந்து மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினாள். ஒரு நாள் படத்தில பறக்கிற ஆக்கள் உண்மையாய்ப் பறக்கிறவையோ எண்டு கேட்டாள். இல்லை, கயித்தில கட்டுறது எண்டு சொன்னன். "எனக்குத் தெரியும். அம்மா ஓம் எண்டு சொன்னவா. அம்மா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவா" எண்டாள். அதுக்குப் பிறகு எனக்கெண்டு கேள்வியள் சேர்த்து வைச்சிருப்பாள். கடலுக்கு அடி இருக்கோ, திமிங்கிலம் ஆளை விழுங்குமோ, மிஸ்சுக்கு எத்தினை வயசு. நான் ஒண்டுக்கும் பொய் சொல்லேல்ல. என்ர வயசைக்கூடச் சரியாய்ச் சொன்னனான்.

ஒரு நாள் தாய் என்னை வாசல் படலையடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெல்லமாய்ச் சொன்னா. "அவள் உங்களைத்தான் நம்புறாள், மிஸ். நீங்களே சொல்லிவிடுங்கோ. எனக்கு வாய் வராது."

சொல்லுறன் எண்டு ஒத்துக்கொண்டன். அந்தப் பிள்ளையை உண்மைக்குக் கொண்டுவர அவளின்ர நம்பிக்கையைவிட வேற ஒண்டும் என்னட்ட இருக்கேல்ல. ஆனா அடுத்த கிழமை படநாள். முதல்ல ஒரு நாள் சிரிக்கட்டும், மற்றப் பிள்ளையளோட இருக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நான்தான் தள்ளிப்போட்டனான். கருணை எண்டு நினைச்சுத்தான் தள்ளினனான். இப்ப யோசிச்சா, எனக்கும் வாய் வரேல்ல எண்டதுதான் உண்மை.

அந்த முறை தெரிவுக்கு வந்த படம் ஒரு பறக்கிற பொம்பிளையின்ர கதை. நீல உடுப்பு, முதுகில இரும்புச் சிறகு. நகரத்தை அழிக்க வாற இயந்திர மிருகங்களோட சண்டை பிடிச்சு ஆக்களைக் காப்பாத்துவா. எங்கட குழுவில என்னோட இருந்தவர் கிண்ணியாவில ஒரு இளைப்பாறின அதிபர். சேர் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது. ரெண்டு பேரும் வழக்கம்போலச் சத்தத்தை மூடிப்போட்டுப் பார்த்தம். இரத்தம் இல்லை. சிகரெட் இல்லை. முத்தம் இல்லை. பொம்பிளையின்ர உடுப்புக் கழுத்தில இருந்து கால் வரைக்கும் மூடி இருந்தது. நான் கட்டம் கட்டமாய்ச் சைபர் போட்டுக்கொண்டு போறன், சேர் மட்டும் கன்னத்தில கை வைச்சபடி இருந்தார்.

இவ்வளவு கட்டடம் விழுது, உள்ளுக்கு இருந்த சனம் எங்க போனதெண்டு கேட்டார். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு நினைக்கவேண்டியதுதான், சேர் எண்டன். புள்ளகள் அப்பிடி நினைக்காது எண்டார். அவர் எப்பவும் இப்பிடி ஏதும் சொல்லுறவர். நான் கவனிக்கேல்ல.

பாதிப் படத்துக்கு மேல கப்பல் காட்சி வந்தது. துறைமுகத்துக்குள்ள ஒரு பயணிகள் கப்பல் உடைஞ்சு சரியுது. மகள் மேல்தட்டில. தகப்பன் அடித்தட்டில, ஒரு அறைக்குள்ள மாட்டுப்பட்டுப்போனார். தண்ணி இடுப்புக்கு வருது, நெஞ்சுக்கு வருது, கழுத்துக்கு வருது. மனுசன் வட்டக் கண்ணாடியில கையால குத்துறார். வாய் அசையுது. கீழ ஓடுற எழுத்தில 'தெளிவில்லாத குரல்' எண்டு மட்டும் போட்டிருந்தது. ஒண்டரை நிமிசம் இப்பிடி. பிறகு பறக்கிற பொம்பிளை வந்து கப்பலைத் தூக்கி, கண்ணாடியை உடைச்சு அவரை எடுத்து மகளிட்டக் குடுக்கிறா. அது நாப்பது விநாடி.

எனக்கு உடன தர்ஷியின்ர நினைப்பு வந்தது. சேருக்கு அவளின்ர கதையைச் சொன்னன். அவர் லப்டொப்பை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தார்.

"காட்டுறதெண்டா முழுசாக் காட்டுங்க மிஸ். இல்லாட்டி வேற படம் போடுங்க. பாதி காட்டுறது புள்ளகளுக்குக் கூடாது" எண்டார்.

வேற படம் இருந்தது. மிருகங்கள் பாட்டுப் படிக்கிற காட்டூன். போன வருசமும் அதுதான், அதுக்கு முந்தின வருசமும் அதுதான். போன முறை பெரிய பிள்ளையள் இடையில எழும்பி வெளிய போய், றோட்டில திரியிற மானுக்குச் சோறு தீத்திக்கொண்டு நிண்டதுகள். எனக்கு அந்த அவமானம் ஆறேல்ல. தர்ஷியை மட்டும் கூப்பிடாமல் விட்டிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். அது எனக்கு அப்ப யோசினை வரேல்ல எண்டு சொன்னா நம்புவியள். ஆனா வந்தது. அவள் சிரிக்கிறதைப் பார்க்கவேணுமெண்ட ஆசை எனக்கு. என்ர ஆசைக்குத்தான் அவளைக் கூப்பிட்டனான்.

மூழ்கிற ஒண்டரை நிமிசத்துக்கும் நான் மட்டை பிடிக்கிறன் சேர், காப்பாத்துற இடத்தில எடுக்கிறன், பிள்ளை நல்லதை மட்டும் பார்க்கட்டும் எண்டு சொன்னன். சேர் படிவத்தைத் தன்ர பக்கம் இழுத்தார். பிறகு பேனையை எடுத்து என்ர கையெழுத்துக்குக் கீழ தன்ர கையெழுத்தை வைச்சார். சிறுவருக்கு உகந்தது.

படநாள் அண்டு தம்பலகாமத்து பஸ் யானை மறிச்சுப் பிந்தினதால பத்தரைக்குத்தான் தொடங்கினம். யன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மண்டபம் கும்மிருட்டு. தர்ஷி தாயோட மூண்டாம் வரிசையில. மஞ்சள் சட்டை போட்டு, ரெட்டைப் பின்னல் கட்டியிருந்தாள். நான் ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில மட்டையோட. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில அவள் பக்கத்தில இருந்த கிண்ணியாப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறதைக் கண்டன். அந்தப் பொம்பிளை முதல்தரம் பறக்கேக்க ரெண்டு பேரும் கதிரையில ஏறி நிண்டு கத்தினதுகள். ஏசாமல் விட்டன். எனக்குக் கண் கலங்கினது. செய்தது சரிதான் எண்டு நினைச்சன்.

கப்பல் சரியத் தொடங்கினது. நான் மட்டையைப் பிடிச்சன். மண்டபம் இருண்டது. வழக்கம்போலப் பின்வரிசை கூ அடிச்சுது, எண்ணத் தொடங்கிச்சுது.

அப்பத்தான் சத்தம் கேட்டது. நான் ஒருநாளும் கேக்காத சத்தம். தண்ணி இரைஞ்சு கொண்டு உள்ளுக்கு வாற சத்தம், மண்டபத்தின்ர நாலு மூலையாலயும். பிறகு கண்ணாடியில குத்துற சத்தம். டொக், டொக், டொக். பின்வரிசை எண்ணுறதை நிப்பாட்டிச்சுது. ஆங்கிலத்தில தெளிவில்லாத குரல் எண்டு விட்டிருந்த இடத்தில தமிழில குரல் மாத்தின ஆக்கள் ஒரு வசனத்தை வைச்சிருந்தினம். தண்ணிக்குள்ள இருந்து ஒரு ஆம்பிளைக் குரல்.

"அம்மாடி, அப்பா இங்கதான் இருக்கேன். கேக்குதா? பதில் சொல்லு."

மூண்டாம் வரிசையில இருந்து தெளிவாய் ஒரு குரல் வந்தது. "கேக்குது அப்பா."

ஒண்டு ரெண்டு பிள்ளையள் சிரிச்சதுகள். பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல. குரல் திரும்பவும், எங்க இருக்கே எண்டு கேட்டது. தர்ஷி இருட்டுக்குள்ள எழும்பி நிண்டு சொன்னாள். "இஞ்ச அப்பா. மண்டபத்தில இருக்கிறன்."

பிள்ளையள், இந்த இடத்தைத்தான் நீங்கள் விளங்கவேணும். சத்தத்தை நிப்பாட்டுற பெட்டி மேடைக்குப் பின்னால, இருட்டுக்குள்ள நாப்பது அடி தூரம். அதுக்குப் போனா மட்டை விலகும். மட்டையை எடுத்தா, தகப்பன் தண்ணிக்குள்ள சாகிறதை அவள் பார்ப்பாள் எண்டு நினைச்சன். எடுத்திருந்தா அவள் கண்டிருக்கிறது வெள்ளைத்தோல் உள்ள ஒரு நடிகரை, தன்ர அப்பா இல்லாத ஒரு மனுசனை. ஒரு விநாடியில எல்லாம் கலைஞ்சிருக்கும். அது எனக்கு அப்ப விளங்கேல்ல. மறைச்சுப் பழகின கை, பயம் வந்தா இன்னும் இறுக்கித்தான் மறைக்கும். நான் இறுக்கிப் பிடிச்சன். படம் போடுறவர், மிஸ் எடுங்கோ, மிஸ் எடுங்கோ எண்டு என்ர முழங்கையைத் தட்டினவராம். எனக்கு நினைவில்லை. அவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

கணக்கும் தவறிப்போச்சு. மட்டையை எடுக்கேக்க திரையில நல்ல வெய்யில். கப்பலும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்தப் பொம்பிளை நகரத்துக்கு மேலால பறந்து போறா, பாட்டுப் போகுது. காப்பாத்தின நாப்பது விநாடியையும் சேர்த்து நான் மூடிப்போட்டன்.

தர்ஷி நிண்டபடி இருந்தாள். அவள் திரையைப் பார்க்கேல்ல. திரும்பி ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குள்ளால என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். தாய் கையைப் பிடிச்சு இழுத்து இருத்தினா. மிச்சப் படம் முழுக்க அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சோத்துப் பார்சலை வீட்டில நிண்ட தம்பிக்கெண்டு மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறினாள். நான் யன்னலடியில போய் நிண்டு கை காட்டினன். அவள் காட்டேல்ல.

அடுத்த நாளே சாம்பல்தீவுக்குப் போயிருக்கவேணும். நான் போகேல்ல. அறிக்கை எழுதவேணும், கூட்டம் இருக்கு எண்டு ஆயிரம் சாட்டு. ரெண்டு கிழமை கழிச்சுத் தாய்தான் ஃபோன் எடுத்தா. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ மிஸ், எனக்குப் பயமாய் இருக்கு எண்டு சொன்னா.

போனன். கரையில போட்டுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. தர்ஷி ஒவ்வொரு போட்டாய்ப் போய், விரலை மடக்கி மூண்டு தரம் தட்டி, காதை வைச்சுக் கேட்டுக்கொண்டு நிண்டாள். பிறகு அடுத்த போட். வலை பொத்திக்கொண்டிருந்த ஒருத்தர் சொன்னார், முதல்ல தொழிலுக்குக் கூடாதெண்டு ஏசிக் கலைச்சனாங்கள், இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்ல எண்டு. அப்பா தண்ணிக்குக் கீழ ஒரு அறைக்குள்ள இருக்கிறார், கூப்பிட்டவர், மிஸ்தான் கதவை மூடினவா எண்டு தர்ஷி தாய்க்குச் சொல்லியிருந்தாள். நாலு மாசமாய் வருவார், வருவார் எண்டு இருந்த பிள்ளை. அதிலயாவது அப்பா எங்கயோ நல்லாய் இருந்தார். இப்ப நான் அவரைத் தண்ணிக்குள்ள பூட்டிப்போட்டன்.

அண்டைக்கு ஒண்டும் கதைக்க எனக்குத் துணிவு வரேல்ல. திரும்பி வந்து சேரிட்டப் போனன். அவர் என்னைக் குறை சொல்லுவார் எண்டு நினைச்சன், சொல்லியிருந்தா சுகமாய் இருந்திருக்கும். நானும்தானே கையெழுத்து வெச்ச எண்டு மட்டும் சொன்னார். பிறகு, அந்தக் காட்சியைக் கொண்டுபோய் முழுசாக் காட்டுங்க மிஸ், அது அவட வாப்பா இல்லையெண்டு கண்ணால பார்க்கட்டும் எண்டார்.

முடிவு தெரிய முன்னம் இதையும் சொல்லிப்போடுறன். அவளுக்கு இப்ப பதின்மூண்டு வயசு. பள்ளிக்கூடத்துக்குப் போறேல்ல. எனக்குப் பிறகு வந்த உத்தியோகத்தர் ரெண்டு பேர் போய்ப் பார்த்திச்சினம், கொழும்பில இருந்து படிச்ச டொக்டர் ஒருவரும் வந்தார். ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்ல. உங்கட படிவத்தில கடைசியாய் 'ஒலி' எண்டு ஒரு கட்டம் இருக்கும் பாருங்கோ, அது நான் எழுதின கடிதத்தால வந்தது. அதை நிரப்புங்கோ. நிரப்பினா எல்லாம் சரி எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ. இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு கட்டம் தேவைப்படும், அது என்னவெண்டு அந்தப் பிள்ளை உடைஞ்ச பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ஒரு படம் பிள்ளையளுக்கு உகந்ததோ எண்டு என்னைக் கேக்கினம். எந்தப் பிள்ளைக்கு எண்டு நான் ஒருநாளும் திருப்பிக் கேக்கேல்ல. கேட்டிருந்தாலும் என்ர தலைக்கனம் மறுமொழியைக் கேக்கவிட்டிருக்குமோ தெரியாது.

சேர் சொன்னதுக்கு அடுத்த நாள் காலமை லப்டொப்பைக் கொண்டு போனன். விறாந்தையில கதிரை போட்டு, தர்ஷியைப் பக்கத்தில இருத்தினன். தாய் குசினிக்குள்ள போயிட்டா. நான் மறைச்சது இதுதான், இந்தா எல்லாத்தையும் பார் எண்டு சொல்லி, சத்தத்தோட போட்டன். அவள் கண் வெட்டாமல் பார்த்தாள். தண்ணி, கண்ணாடி, அந்தக் குரல். பிறகு பறக்கிற பொம்பிளை வந்து தூக்கிறது, மகள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறது. முடிஞ்சது. இது வேற ஒரு ஆள், படத்தில நடிக்கிற ஆள், உன்ர அப்பா இல்லை, பார்த்தாய்தானே எண்டு கேட்டன்.

"ஓம். இது அப்பா இல்லை. இது வேற படம், மிஸ்."

அதே படம்தான் எண்டு சொன்னன். திரும்பப் போட்டன். இல்லை எண்டு தலையாட்டினாள். "இவர் அம்மாடி எண்டு கூப்பிடுறார். அண்டைக்கு அப்பா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்."

இனி விட்டா ஒருநாளும் சொல்ல ஏலாது எண்டு தெரிஞ்சது. லப்டொப்பை மூடிப்போட்டு அவளின்ர ரெண்டு கையையும் பிடிச்சன். நாலு மாசம் சேர்த்து வைச்சிருந்ததைச் சொன்னன். அப்பா வரமாட்டார், பிள்ளை. கடலில செத்துப்போனார். ஒருத்தரும் அவரைப் பூட்டி வைக்கேல்ல. நான் உனக்கு ஒருநாளும் பொய் சொல்லேல்ல, இதுவும் பொய் இல்லை.

அவள் கையை உருவி எடுத்தாள். கோபமாய் இல்லை, மரியாதையாய்த்தான் எடுத்தாள்.

"ஏன் மிஸ் அண்டைக்கு மறைச்சனீங்கள்?"

"நீ பயந்திடுவாய் எண்டுதான்."

"நான் பயப்படேல்ல. அப்பா கேட்டவர், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தனான். நீங்கள்தான் எங்களைக் கதைக்க விடேல்ல."

எழும்பிப் படியால இறங்கினாள். குசினிக்குள்ள இருந்து தாய் தேத்தண்ணியோட வெளிய வந்து என்ர முகத்தைப் பார்த்தா. "சொல்லிப்போட்டீங்களோ, மிஸ்? நம்பினாளோ?"

நான் கரைப் பக்கம் பார்த்தன். பிள்ளை முதலாவது போட்டடிக்குப் போயிட்டாள்.